களத்துமேட்டுச் சுதந்திரம்

ஆடித்தபசு அன்றைக்குச் சங்கரன்கோவில் ரத வீதியில் நிற்பவர் தலையில் பருத்தி வந்து விழும். கம்பும் சோளமும் விழும். கொஞ்சம் அசந்தால் மிளகாய் வத்தல் கண்ணோரம் உரசிப் போகும். சிவனும் திருமாலும் ஓருடலாக நிற்கும் காட்சி வேண்டித் தவமிருந்த கோமதியம்மனுக்குக் கரிசல்காட்டுச் சம்சாரிகள் தங்கள் வெள்ளாமையில் ஒரு கையை அள்ளிச் சப்பரத்தின் மேல் இறைக்கிறார்கள். சூறை விடுவது என்று இதற்குப் பேர். எவ்வளவு என்று கணக்கு இல்லை. ஏன் குறைந்தது என்று கேட்க ஆளும் இல்லை.

அதே சம்சாரி, அதே வெள்ளாமையை வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் இன்னொரு பங்கையும் ஒதுக்கி வைத்த காலம் ஒன்று இருந்தது. அது மனம்போல இறைத்தது அல்ல, மரக்காலால் அளந்தது. ஏர் செய்து தந்த தச்சருக்கு இவ்வளவு, கொழு அடித்த கொல்லருக்கு இவ்வளவு, குளத்து மடையைத் திறந்து மூடிய நீர்பாய்ச்சிக்கு இவ்வளவு என்று ஊரறிந்த அளவு. அதற்குப் பெயர் சுதந்திரம். பேச்சில் சுவந்திரம், சொவந்திரம் என்றெல்லாம் தேய்ந்தது. வெள்ளைக்காரன் போனபோது கிடைத்த சுதந்திரம் நாட்டுக்குப் பொதுவானது. அதற்கு வெகுகாலம் முந்தியே களத்துமேட்டில் ஒவ்வொரு தொழிலாளியும் தன் சுதந்திரத்தை மூட்டை கட்டித் தோளில் சுமந்து போயிருக்கிறார். ஹெச். ஹெச். வில்சன் 1855ல் வெளியிட்ட நீதி, வருவாய்த்துறைச் சொற்களின் அகராதியிலும் இந்தச் சொல் இடம்பெற்றிருக்கிறது.

இந்தப் பழைய சொல்லை இப்போது தூசு தட்ட வேண்டிய தேவையைக் கொண்டுவந்தது கடல். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலாவை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அன்று கிளம்பிய எம்ப்ரஸ் என்ற கப்பல், 1990ல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் அமெரிக்கக் கடல் சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டது. வெளிநாட்டுக்குப் போய்ச் சொகுசுக் கப்பலில் ஏறும் தமிழ்க் குடும்பங்களும் இன்று நிறைய. பயணம் முடியும் கட்டத்தில் கணக்கைப் பார்ப்பவர்களைத் திடுக்கிட வைக்கும் வரி ஒன்று உண்டு: கிராஜுவிட்டி. பெரிய நிறுவனங்களின் கப்பல்களில் இன்று ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை அது ஓடுகிறது. நால்வர் கொண்ட குடும்பம் ஒரு வாரம் போனால் நானூறு டாலரைத் தாண்டிவிடும். “டிப்ஸ் என்பது நானாகப் பார்த்துக் கொடுப்பது, அதை நீயே எப்படி என் கணக்கில் எழுதலாம்?” என்ற கேள்வி கப்பலுக்குக் கப்பல் எழுகிறது.

கேள்வி நியாயமானது. ஆனால் புதியது அல்ல. கொடுப்பவர் மனசுக்கு விட வேண்டியது எது, முன்கூட்டியே கழித்துவைக்க வேண்டியது எது என்ற வழக்கைத் திருநெல்வேலிச் சீமை நெடுங்காலம் வைத்து நடத்தியிருக்கிறது.

சங்கரன்கோவில் தாலுகாவின் பழைய எல்லையை மனதில் கொண்டால் அதற்குள் இரண்டு நாடுகள் இருப்பது தெரியும். மேற்கே மலையடிவாரம், வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கம் குளத்துப் பாசனம், நெல். கிழக்கே மானாவாரிக் கரிசல்; பருத்தி, கம்பு, சோளம். நெல்லோ கம்போ, கடைசியில் எல்லாம் சேர்ந்த இடம் களம்.

சாணி மெழுகிய களத்தில் கட்டடித்து, பிணையல் மாடு மிதித்து, காற்றுப் பார்த்துத் தூற்றி, தானியம் ஒரே குவியலாக நிற்கும். அதற்குப் பேர் பொலி. அளக்கும் வரை யாரும் கைவைக்காமலிருக்கப் பொலியைச் சுற்றிச் சாணிப்பாலாலோ சாம்பலாலோ குறி போடுவார்கள். குறி கலைந்தால் தெரிந்துவிடும். அளப்பவர் மரக்காலைக் குத்தி நிரப்பித் தலைதட்டி முதல் அளவைக் கொட்டும்போது ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார். அதன்பிறகுதான் ரெண்டு, மூணு. களத்தில் அந்த நேரம் பேச்சு அடங்கிக் கிடக்கும். எண்ணிக்கை தவறினால் ஒரு குடும்பத்தின் மாதச் சாப்பாடு தவறும்.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. அரசனுக்கோ ஜமீனுக்கோ போகும் மேல்வாரம், உழுதவனுக்குப் போகும் குடிவாரம் என்று பொலி இரண்டாகப் பிரிவதற்கு முன்னால், பொதுக்குவியலிலிருந்தே ஊர்த் தொழிலாளிகளின் சுதந்திரத்தைக் கழித்துவிடுவது வழக்கம். ஆகவே அது இவர் பங்கிலிருந்து போனதா அவர் பங்கிலிருந்து போனதா என்ற பேச்சுக்கு இடமில்லை. தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், வண்ணார், வெட்டியான், தலையாரி, கணக்கர், கோயில் பூசாரி என்று பட்டியல் நீளும். சிலருக்கு ஏருக்கு இத்தனை மரக்கால், சிலருக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு, சிலருக்குக் கதிர்க்கட்டாகவே. வருஷம் முழுக்கக் கொல்லர் கொழு காய்ச்சி அடித்துக் கொடுத்ததற்கு யாரும் அன்றன்று காசு நீட்டியதில்லை. அவர் பட்டறையில் இருந்த கணக்குப் புத்தகம் இந்தக் களம்தான்.

வடக்கே தொண்டைமண்டலத்தில் இதையே மேரை என்றார்கள். எஃப்.டபிள்யூ. எல்லிஸ் மிராசு உரிமை பற்றி 1818ல் அச்சான தமது ஆய்வில் இந்த மேரைகளை விரிவாக எழுதியிருக்கிறார். அவருக்கும் முன்பு, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கம்பெனி அதிகாரி செங்கல்பட்டுச் சீமையின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தபோது ஊருக்கு ஊர் யார் யாருக்கு எவ்வளவு கழிவு என்பது பதிவானது. அந்த ஊர்க்கணக்கு ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இவற்றைப் பார்க்கும் எவருக்கும் ஒன்று உறைக்கும். சிரித்த முகத்துக்குக் கூட, சுளித்த முகத்துக்குக் குறைய என்ற ஏற்பாடே அதில் கிடையாது. விளைச்சல் கூடினால் எல்லார் பங்கும் கூடும். பொய்த்தால் எல்லார் பங்கும் விழும்.

அப்படி விழுந்த வருஷங்களைத்தான் மறக்க முடியாது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் களம் காய்ந்தபோது, நிலமில்லாமல் களத்தை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களுக்கு அடுத்த வேளை என்று ஒன்று இல்லை. குதிர் வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். பங்கு வாங்கியவர்களுக்குக் குதிர் ஏது?

சுதந்திரத்தின் பெருமையை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். அது சாதியின் ஏணியில் மேலிருந்து கீழாக அளக்கப்பட்டது. மேல்படியில் இருந்தவருக்குத் தூற்றிய மணி. கடைசிப் படியில் நின்றவருக்குக் களத்தைக் கூட்டி அள்ளிய அடிநெல்லும் மண்ணும் கருக்காயும். பிணத்துக்கு வெட்டியானும் பேற்றுக்கு மருத்துவச்சியும் கூப்பிட்ட நேரத்துக்கு வந்தாக வேண்டும். வரமுடியாது என்று சொல்லும் உரிமை அந்த மரக்கால் நெல்லோடு சேர்ந்து வரவில்லை. பெயர் சுதந்திரம், கட்டு மட்டும் தலைமுறைக் கட்டு. மராட்டியப் பகுதியில் மகர்களுக்கு இருந்த வத்தன் முறையும் இதன் சொந்தக்காரன்தான். அந்தச் சொற்ப மானியமே தம் மக்களைக் கிராமத்தின் ஏவலுக்குக் கட்டிப்போடுகிறது என்று கண்ட அம்பேத்கர், அதைத் திருத்த 1928ல் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். நிச்சயமான பங்கு வேண்டும், ஆனால் அது பிறப்போடு ஒட்டியிருக்கக் கூடாது என்பதுதான் அவர் வைத்த வாதத்தின் உள்ளே இருந்தது.

வழக்கமான கொடை எப்படி வழிப்பறியாக மாறும் என்பதற்கும் இந்தச் சீமையிலேயே சாட்சி உண்டு. சங்கரன்கோவிலைச் சுற்றி ஊத்துமலை, சொக்கம்பட்டி, தலைவன்கோட்டை, சிவகிரி என்று பாளையங்கள். பாளையக்காரர்கள் ஊரையும் பாதையையும் காப்பதற்காக வாங்கியது காவல் வரி. அதில் தேசகாவல், தலக்காவல் என்று வகை. திருட்டுப் போனால் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும் என்பதுதான் மூல ஒப்பந்தம். நாளாவட்டத்தில் கொடுக்காத ஊரில்தான் திருட்டு நடந்தது. மாட்டைத் தொலைத்தவன் துப்புச் சொல்பவனுக்குத் துப்புக்கூலி கொடுத்தால், மாடு எங்கோ ஒரு முள்மரத்தடியில் கட்டிக் கிடக்கும். பாளையங்களின் கணக்கை ஏற்ற கலெக்டர் எஸ்.ஆர். லஷிங்டன் இந்தக் காவல் கட்டணங்களைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1801ல் நவாபின் கர்நாடகச் சீமை முழுதும் கம்பெனி கைக்குப் போனதும் பாளையக்காரர்களின் தேசகாவல் பறிக்கப்பட்டது. பறித்தவர்கள் குடிகள் கையில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே இருக்கிறது பாளையக்காரர் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். வெள்ளையனுக்கு ஒரு மணி நெல்கூடக் கட்டமாட்டேன் என்று அவர் சொன்னதால் ஊர்ப்பெயர் நெற்கட்டான்செவல் ஆனது என்பது அந்தப் பக்கத்து வழக்கு. இரண்டெழுத்து மாறியதில் கொடுக்கும் ஊர் கொடுக்காத ஊராயிற்று. கொடுப்பது கடமையா, மனமா, மிரட்டலா என்பதை இந்த மண் ஊர்ப்பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறது.

கம்பெனியும் பிறகு ராணியும் களத்திலிருந்து சுதந்திரத்தை மெல்ல மெல்லக் கச்சேரிக்கு நகர்த்தினார்கள். 1858ல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் வந்து ஊழிய மானிய நிலங்களை விசாரித்தது. 1864ல் கிராம ஊழியர் சம்பளத்துக்கென்று தனி வரி விதிக்கச் சட்டம் வந்தது. கணக்கர், மணியம், தலையாரி எல்லாரும் காசுச் சம்பளக்காரர் ஆனார்கள். 1895ன் பரம்பரைக் கிராமப் பதவிச் சட்டம் பிறப்புரிமையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. அதை அறுக்க 1980 நவம்பர் வரை ஆனது, எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. இப்படி அரசாங்கத்துக்கு வேண்டியவர்கள் சம்பளப் பட்டியலில் ஏறினார்கள். கொல்லரையும் நாவிதரையும் வண்ணாரையும் ஏற்ற எந்தப் பட்டியலும் இல்லை. அவர்கள் களத்திலேயே விடப்பட்டார்கள், களம் இருந்தவரைக்கும்.

நகர்ந்தபோது சொற்களும் நிறம் மாறின. அரபியிலிருந்து வந்த மாமூல் என்பதற்கு வழக்கமானது என்றுதான் பொருள். இன்று மாமூல் என்றால் லஞ்சம். அரசன் மனமுவந்து தந்த நிலமான இனாம், இன்று ஓசிக்கு இன்னொரு பெயர். எதிர்த்திசையில் ஏறிய சொல்லும் உண்டு. தீபாவளிக்கு முதலாளி தந்த இனாம் என்று கிடந்ததைத் தொழிலாளர்கள் வழக்காடி வழக்காடி 1965ல் போனஸ் சட்டமாக்கினார்கள். விசைத்தறி ஊரான சங்கரன்கோவிலில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த யாருக்கும் போனஸ் பேச்சுவார்த்தை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அதற்கு ஏழு வருஷம் கழித்து வந்தது பணிக்கொடைச் சட்டம். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் கிராஜுவிட்டி. கப்பல் பில்லில் உள்ள அதே சொல். தமிழில் பணிக்கொடை. பெயரில்தான் கொடை, கொடுக்காவிட்டால் வழக்குப் போடலாம்.

கோயிலில் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. கோமதியம்மன் சன்னதியில் புற்றுமண் வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்பவர் தீபாராதனைத் தட்டில் பத்து ரூபாய் போடுகிறார். அது அம்மனுக்கா, அர்ச்சகருக்கா? போடுகிறவர் மனதில் இரண்டும் கலந்தே இருக்கிறது. 2025 பிப்ரவரியில் மதுரை நேதாஜி சாலை தண்டாயுதபாணி கோயிலில் தட்டுக்காசை உண்டியலில் சேர்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பி உடனே வாபஸ் ஆனது. சின்னக் கோயில்களில் சம்பளம் என்று சொல்ல ஏதுமில்லாத அர்ச்சகருக்குத் தட்டுதான் அடுப்பு. மொட்டை போடும் மண்டபத்தில் வேறொரு வழி கண்டார்கள். 2021 செப்டம்பரில் முடி காணிக்கைக் கட்டணத்தைத் தமிழக அரசு நீக்கி, அந்தத் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. பக்தரின் கை பார்த்து நின்ற தொழில் ஒன்றுக்கு நிச்சயமான ஒரு தொகை கிடைத்தது. அந்தத் தொகை ஒரு வீட்டை நடத்தப் போதாது என்பதும் உண்மை.

சங்கரன்கோவில் என்றதும் பலருக்குக் கோயிலோடு பிரியாணியும் நினைவுக்கு வரும். இந்த ஊர்க் கடைகளில் இலை போட்டவர் போகும்போது பரிமாறியவர் கையில் இருபதோ முப்பதோ வைப்பதோடு சரி. பெருநகர ஓட்டல்களில்தான் பில்லிலேயே பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் ஏறி நின்றது. அது கட்டாயமில்லை என்று 2017 ஏப்ரலில் மத்திய அரசு சொன்னது. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தானாகச் சேர்ப்பதையே தடுத்து வழிகாட்டுதல் போட்டது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயின. 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. சாப்பிடுகிறவருக்கு இது நல்ல தீர்ப்பு. ஆனால் பரிமாறுகிறவரின் சம்பளத்தில் அந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து வந்து சேரும் என்பது அந்த வழக்குக்கு வெளியே நிற்கும் கேள்வி.

கப்பலில் இந்த முறை வந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதே. முன்பெல்லாம் பயணத்தின் கடைசி இரவில் உறைகள் கொடுப்பார்கள். அறையைச் சுத்தம் செய்தவருக்கு ஒன்று, பரிமாறியவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளுக்கு ஒன்று. பயணி பணத்தை வைத்துக் கையில் தருவார். ஒரே மேசை, ஒரே பணியாள் என்று ஏழு இரவும் நடந்தவரை அது செல்லுபடியானது. எப்போது வேண்டுமானாலும் எந்த உணவகத்திலும் சாப்பிடலாம் என்று கப்பல்கள் மாறியதும், எந்த முகத்துக்கு உறை கொடுப்பது? சுமார் 2000ஐ ஒட்டி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாள் கணக்கில் தொகையைப் பில்லில் ஏற்றத் தொடங்கின. சமையல்கட்டிலும் துணி வெளுக்கும் தளத்திலும் பயணி கண்ணில் படாமல் உழைப்பவர்களுக்கும் அதில் பங்கு போகலாம் என்பது அதன் நல்ல பக்கம். அங்கேயும் கொல்லரும் வண்ணாரும் இருக்கிறார்கள்.

கெட்ட பக்கம் கூலி. கப்பல் ஒரு நாட்டுக் கொடியில் ஓடும், கம்பெனி இன்னொரு நாட்டில் இருக்கும், வேலையாள் கேட்டரிங் படித்துவிட்டு இந்தியாவிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ மாதக்கணக்கில் ஒப்பந்தம் போட்டு வருவார். 2006ல் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015ல் சேர்ந்தது. வேலை நேரம், ஓய்வு, ஊர் திரும்பும் செலவு எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் பரிமாறும் பணியாளுக்கு முதலாளி தர வேண்டிய கூலியின் பெரும்பகுதியைப் பயணியின் தலையில் போட்டு, அதற்குக் கொடை என்று பெயரிடுவது நிற்கவில்லை. அமெரிக்கக் கரையிலும் இதே கதைதான். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி நேராகத் தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. அதற்கும் முன்னே, புல்மன் ரயில்பெட்டிகளில் கறுப்பினப் பணியாளர்கள் சொற்பச் சம்பளத்தில், பயணிகளின் சில்லறையை நம்பி நின்றார்கள். 1925ல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, 1937ல்தான் கம்பெனியோடு முதல் ஒப்பந்தம் போட்டார்கள்.

சங்கரன்கோவில் பக்கம் இப்போது களம் மெழுகுவோர் அரிது. அறுவடை இயந்திரம் வயலிலேயே அறுத்து, அடித்து, குழாய் வழியாக டிராக்டரில் நெல்லைக் கொட்டுகிறது, வாடகை மணிக்கணக்கு. சுதந்திரம் என்ற சொல் கிராமத்துக் கல்யாண வீடுகளில் மட்டும் எஞ்சியிருக்கிறது. நாவிதருக்கும் வண்ணாருக்கும் வேட்டி, தேங்காய், கொஞ்சம் பணம். கொடுப்பவர் தட்டில் வைத்துக் கொடுக்கிறார். அளவை இப்போது அவர்தான் தீர்மானிக்கிறார். பழைய மரக்கால் கணக்கு ஊரில் யார் நினைவிலும் சரியாக இல்லை.

பல கப்பல்களில் பயணி விரும்பினால் முகப்பு அலுவலகத்துக்குப் போய் அந்தக் கிராஜுவிட்டி வரியைக் குறைக்கச் சொல்லலாம், எடுத்துவிடவும் சொல்லலாம். எடுத்தவர் யார் என்று தினமும் அவர் படுக்கையை விரித்தவருக்குத் தெரியவராமலே போகக்கூடும். களத்தில் அப்படி ஒரு ஜன்னல் இருந்ததில்லை. ‘லாபம்’ என்று முதல் மரக்கால் விழும்போது கொல்லரும் வண்ணாரும் நீர்பாய்ச்சியும் பொலிக்குப் பக்கத்திலேயே, சாக்கை மடித்துக் கையில் வைத்தபடி நின்றார்கள்.